மேனுஷாவின் முழு ஆட்டம்

என் மகள் மேனுஷாவின் உயரம் ஐந்தடி நான்கு அங்குலம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் லண்டன் தோர்ண்டன் ஹீத்தில் எங்களைத் தெரிந்தவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது அதைத்தான். "இந்த உயரத்தில பாஸ்கெட்போல் விளையாடுறதோ?" கேட்டுவிட்டு ஒரு சிரிப்பு. ஏழு வருடமாக அந்தச் சிரிப்பைப் பார்த்து எனக்கு வயிறு எரிகிறது.

பதினொரு வயதில் தொடங்கியவள். காலையில் பூங்காவுக்குப் போய் இருநூறு முறை கூடைக்குள் எறிந்துவிட்டுத்தான் பள்ளிக்கூடம் போவாள். மழையென்றால் பந்தைத் துடைக்க ஒரு துவாயும் கொண்டுபோவாள். அமெரிக்காவில் ஆயிரத்து ஐந்நூறு பிள்ளைகள் மட்டுமே படிக்கும் சின்னக் கல்லூரிகள் உண்டாம். அங்கே படித்துக்கொண்டே அணியிலும் ஆடலாமாம். ஆனால் அந்தக் கோச்சுகள் லண்டனுக்கு வந்து ஆள் தேடமாட்டார்கள், பிள்ளைதான் எழுதவேண்டும். மேனுஷா அறுபத்துமூன்று பேருக்கு எழுதினாள், ஒவ்வொன்றும் தனித்தனி ஈமெயில். மூன்று பேர்தான் பதில் போட்டார்கள். அதில் ஒரு பெண் கோச் மட்டும் விஷயத்துக்கு வந்தார். அணியில் ஒரே ஒரு இடம் மிச்சம் இருக்கிறது. வெட்டி ஒட்டிய வீடியோ வேண்டாம், ஒரு முழு ஆட்டம் அனுப்பு. பந்து உன் கையில் இல்லாதபோது நீ என்ன செய்கிறாய் என்று பார்க்கவேண்டும். மாதக் கடைசிக்குள் வேண்டும்.

அந்த மாதம் இருந்தது ஒரே ஒரு ஆட்டம். மேனுஷா எல்லாம் ஒழுங்கு செய்திருந்தாள். விளையாட்டு மண்டபத்தில் பார்க்க வருபவர்கள் இருக்கும் மேல்படியில் ஒரு கமரா முக்காலி, அதில் அவளுடைய போன், பந்தின் பக்கம் திருப்பிக்கொண்டிருக்க அவளுடைய தோழி. அவ்வளவுதான் தேவை.

இவருக்கு, என் கணவர் வாசுதேவனுக்கு, அது பொறுக்கவில்லை.

"அமெரிக்காவுக்குப் போற வீடியோவைப் போனிலயோ எடுக்கிறது? ஆக்கள் என்ன நினைப்பினம்? நான் பாலேந்திராவுக்குச் சொல்லிப்போட்டன்."

பாலேந்திரா எங்கள் ஆட்களின் கல்யாணம், பெண்பிள்ளைகள் வயதுக்கு வந்ததும் செய்யும் சாமத்தியவீடு எல்லாவற்றுக்கும் கமரா பிடிப்பவர். மேனுஷாவின் சாமத்தியவீட்டையும் அவர்தான் எடுத்தார். வீடியோக்காரர் வந்தால் வீடியோவில் விழ ஆட்கள் வேண்டாமா? இவர் நாற்பது பேருக்குச் சொன்னார். லண்டனின் மற்றக் கரையிலுள்ள வெம்பிளியிலிருந்துகூட வந்தார்கள். ஏன் பொய் சொல்லவேண்டும், நானும் பட்டுச்சேலை உடுத்திக்கொண்டு, பற்றிஸ் பொரித்து எடுத்துக்கொண்டுதான் போனேன். வாசலில் மேனுஷா என்னை மேலும் கீழும் பார்த்தாள். "நீங்களுமோ அம்மா?" என்றாள்.

பாலேந்திரா வந்ததும் முதல் வேலையாக அந்த முக்காலியை மடக்கி வைத்தார். தன் கமராவுக்குக் குறுக்கே நிற்கிறதாம். "தங்கச்சி, இனி நான் பாத்துக்கொள்ளுறன்" என்று போனைத் தோழியின் கையில் கொடுத்து, எங்கள் ஆட்களோடு அவளை இருத்திவிட்டார். அந்தப் பிள்ளைக்கு நானே ஒரு தட்டில் பற்றிஸ் கொடுத்தேன். அதை நினைத்தால் இப்போதும் என் கையையே அடிக்கலாம் போலிருக்கிறது. கீழே ஆடிக்கொண்டிருந்த மேனுஷாவுக்கு எதுவும் தெரியாது.

அன்று அவள் பத்தொன்பது புள்ளிகள் எடுத்தாள். ஆறடிப் பெண்களுக்கு நடுவில் புகுந்து புகுந்து வந்தாள்.

புதன்கிழமை வீடியோ வந்தது. தொடக்கத்தில் நாதஸ்வரம். பொன் எழுத்தில் 'எங்கள் செல்வி மேனுஷா'. பிறகு வந்தவர்கள் ஒவ்வொருவராக, என் பற்றிஸ் தட்டு உட்பட. பதினோராவது நிமிடத்தில்தான் ஆட்டம் தொடங்கியது. மேனுஷா பந்தை எறிவாள், கமரா அவள் முகத்திலேயே நிற்கும், அதுவும் மெதுவாக ஓடவிட்டு. பந்து எங்கே போனது, யார் பிடித்தார்கள், கூடைக்குள் விழுந்ததா, ஒன்றும் இல்லை. எதிரணி பந்தோடு ஓடும்போது கமரா கைதட்டும் மாமிகளிடம் போய்விட்டது.

"வடிவா இருக்கு, என்ன?" என்றார் இவர்.

"அப்பா, கோச்சுக்கு என்ர முகம் தேவையில்லை" என்றாள் மேனுஷா. "இதில நான் எங்க விளையாடுறன்? ஒரு இடம் காட்டுங்கோ பாப்பம்."

வெட்டாத படம் இருக்கிறதா என்று நான் பாலேந்திராவுக்குப் போன் எடுத்தேன். அடுத்த கல்யாணத்துக்கு இடம் வேண்டுமென்று அழித்துவிட்டாராம். "நல்லதெல்லாம் உள்ளுக்குப் போட்டிட்டன் அக்கா" என்றார். வாயில் வந்ததெல்லாம் சொல்லிவிட்டு வைத்தேன்.

வேறு வழியில்லாமல் மேனுஷா நாதஸ்வரத்தையும் பொன் எழுத்தையும் நீக்கி அதையே அனுப்பினாள். கோச் மூன்று வரிகள் எழுதினார். உனக்கு அருமையான குடும்பம். ஆனால் நீ ஆடுவதை என்னால் பார்க்க முடியவில்லை. இடத்தை இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டேன்.

இவர் முதல் வரியை மட்டும் பிடித்துக்கொண்டார். ஆர்ச்வே முருகன் கோயில் வாசலில் நின்று, "எங்கட குடும்பம் அருமையான குடும்பமெண்டு அமெரிக்கக் கோச்சே எழுதியிருக்கிறா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. அத்தனை பேர் முன்னால் கத்தினேன்.

"மிச்சத்தையும் சொல்லுங்கோ! ஆக்களுக்குக் காட்டுற உங்கட எடுப்பால பிள்ளையின்ர இடம் போச்செண்டும் சொல்லுங்கோ!"

அவர் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் காருக்கு நடந்தார். நான் சமாதானம் சொல்லவில்லை.

மார்ச்சில் இன்னொரு கல்லூரி எழுதியது, முந்தியதைவிடச் சின்னது. அவர்கள் கேட்டதும் ஒரு முழு ஆட்டம்தான். தோழி இனி வரமாட்டேன் என்றுவிட்டாள். நான் போனைப் பிடிக்கிறேன் என்றேன், மேனுஷா தரவில்லை. மண்டபத்து வாசலில் போனைத் தகப்பனிடம் நீட்டினாள்.

"பந்து எங்க போகுதோ அங்க பிடியுங்கோ. எனக்கு என்ன நடந்தாலும் என்னைப் பிடிக்கக் கூடாது. ஏலுமெண்டால் உள்ள வாங்கோ. ஏலாதெண்டால் வீட்ட போங்கோ."

இந்த முறை அவர் ஒருவரையும் அழைத்திருக்கவில்லை. போனை வாங்கிக்கொண்டு மேல்படிக்கு ஏறினார்.

அன்றிரவு நாங்கள் அதைப் போட்டுப் பார்த்தோம். பாதிக்கு மேல் ஓர் இடத்தில் ஒரு பெண்ணின் முழங்கை மேனுஷாவின் முகத்தில் படுகிறது. அவள் விழுகிறாள், பந்து பறிபோகிறது. நான் அலறியது வீடியோவில் கேட்கிறது. கமரா அவளிடம் திரும்பவில்லை. பந்தோடு மற்றக் கரைக்குப் போகிறது. "எழும்பு பிள்ளை, எழும்பு" என்று இவருடைய குரல் மட்டும், திரும்பத் திரும்ப. படம் பந்தை விடவில்லை. பிறகு எங்கிருந்தோ மேனுஷா மூக்கில் இரத்தத்தோடு ஓடிவந்து அந்தப் பந்தைத் தட்டிப் பறிக்கிறாள்.

என் கோபம் இன்னும் ஆறவில்லை. போன இடம் போனதுதான். ஆனாலும் அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டு இருக்க என்னால் முடியவில்லை.

"அப்பா கதைக்கிறதை எடுத்துவிடன், மேனு" என்றேன்.

"இருக்கட்டும் அம்மா" என்றாள் அவள், அனுப்பும் பொத்தானை அழுத்திக்கொண்டே. "அவையள் முழு ஆட்டம்தானே கேட்டவை."