சின்ன டர்போவின் தகடு

பீன்யா தொழிற்பேட்டையில் லேத் பட்டறை தொடங்கிய நாட்களில் ஒரு மெக்கானிக் என்னிடம் வருவார். ஒரு புருவம் கருகியிருக்கும். இன்ஜினுக்குள் கூடுதல் காற்றை அடைக்கும் டர்போ எதைக் கையிலெடுத்தாலும் வாயால் ஊதி, உள்ளிருக்கும் விசிறி சுற்றி ஓயும்வரை பேசமாட்டார்.

அன்று ஒரு ரேஸ் காரின் ரோட்டரி இன்ஜினுக்காக, பெரிதும் சிறிதுமாக இரண்டு டர்போ கொண்டுவந்தார்.

“ஓனருக்குப் பெருசுதான் வேணுமாம். அவ்ளோ காத்த அடைச்சா இன்ஜின் ஒடைஞ்சிடும்ணா.”

“எடுத்துச் சொல்லுங்களேன், மேஸ்திரி.”

“மூணு தடவ சொல்லிட்டேன், கேக்கல. ரெண்டையும் மாட்டறதுக்குத் தனித்தனியா தகடு வெட்டுங்க. இப்ப பெருசுக்கு எடுத்துட்டுப் போறேன். இன்ஜின் ஒடைஞ்சதும் சின்னதுக்கு வரேன்.”

வெட்டினேன். பெரியதன் தகட்டோடு போனவர் பிறகு வரவேயில்லை. சின்னதன் தகடு இன்னும் என் பட்டறை ஆணியில் தொங்குகிறது. இன்ஜின் தாங்கிவிட்டதா, உடைந்த பழியை அவர்மேல் போட்டு விரட்டிவிட்டார்களா? விசாரிக்க அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது.