பக்கத்து நிரை

“இன்னைக்கு மழ பேயாது போல இருக்கே” என்கிறாள் கருப்பம்மா, புதிதாக வேலைக்கு வந்தவளிடம். மஞ்சுமூட்டம் இறங்கி ஃபேக்டரியின் புகைக்கூண்டை விழுங்கிவிட்டது. இருவர் தலையிலும் தூறல் விழுந்துகொண்டிருக்கிறது. புதியவள் வானத்தைப் பார்க்கிறாள், கருப்பம்மாவின் முகத்தைப் பார்க்கிறாள். “ஆமாங்க்கா, பேயாது.” கருப்பம்மா சிரித்து, அவளுக்கு ஒரு வெற்றிலை கொடுத்துவிட்டு, கூடையைத் தூக்கிக்கொண்டு வேறு பக்கம் நடக்கிறாள்.

தேயிலைத் தோட்டத்தில் ஆளுக்கொரு நிரை, ஒரு செடி வரிசை. பகலெல்லாம் கொழுந்து கிள்ளும்போது பேச்சுத் துணை பக்கத்து நிரைக்காரிதான். மனசுக்கு ஒத்தவளின் பக்கத்தில் நிற்க மற்றப் பெண்கள் மேஸ்திரியிடம் கெஞ்சுவார்கள். கருப்பம்மா கேட்டு வாங்குவது ராமாத்தாளின் பக்கத்தை. சிலோனிலிருந்து வந்த இரண்டு வருடத்தில் மழைப் பரீட்சையில் தேறியவள் அவள் ஒருத்திதான். “ஏனுங்க்கா, தல நனையறது தெரியலீங்களா?” என்று முதல் நாளே கேட்டவள்.

ராமாத்தாளின் குடும்பம் அம்மாவைப் பெற்ற அப்பிச்சி காலத்திலேயே அவிநாசிப் பக்கமிருந்து மலையேறியது. படிப்பு ஐந்தாம் வகுப்பு. வாய் அதற்கு மேல். மேஸ்திரியைக் கருப்பம்மா சிலோன் வழக்கத்தில் ‘கங்காணி’ என்றால் திருத்துவாள். தேநீரில் இஞ்சி தட்டிப் போடலாமா கூடாதா என்று ஒரு வாரம் வாதத்தை ஓட்டுவாள். சிலோனில் அட்டன் பக்கத்துக் கொழுந்தைப் பற்றிக் கருப்பம்மா பெருமை பேசினால், “அங்க தேனே ஓடுச்சுங்களாக்கும்” என்பாள். நிரை முடியும்வரை சண்டை. முடிந்ததும் ஒரே தூக்குச்சட்டியிலிருந்து சோறு.

இப்படித் தோழி தேடும் வழக்கம் கருப்பம்மாவுக்கு முன்பு இருந்ததில்லை. சிலோனில் அவளுடைய லயத்து வரிசை வீடுகளில் ஐந்து சிநேகிதிகள். எந்த நாட்டுக் குடியுரிமை வேண்டும் என்று கேட்ட மனுவில் இந்தியா என்று எழுதுவோம் என்று அவள் சொன்னபோது ஐவரும் “நீ சொன்னா சரி அக்கா” என்றார்கள். அந்த ஐவரில் சேராத மாரியாயி மட்டும், இந்தியாவில் நமக்கு யார் இருக்கிறார்கள் என்று கேட்டாள். அன்றோடு அவளிடம் பேச்சை நிறுத்திய கருப்பம்மா, கப்பலேறும் நாளில்கூடச் சொல்லிக்கொள்ளாமல் வந்துவிட்டாள். ஐவரில் ஒருத்தி வால்பாறையில் இருக்கிறாளாம். இருவர் மைசூர்ப் பக்கம் ரப்பர்க் காட்டுக்குப் போனார்கள். மற்ற இருவருக்கு விலாசமே இல்லை. சரி என்று சொன்னது அவர்கள் குற்றமா, சரி என்பவர்களையே பக்கத்தில் வைத்துக்கொண்டது தன் குற்றமா? கருப்பம்மா இதை யாரிடமும் கேட்டதில்லை.

போன வாரம் சிலோனிலிருந்து தங்கை வேலாயியின் கடிதம் வந்தது. மனுக் கொடுக்க இன்னும் ஒரு மாதம்தான் இருக்கிறது; இந்தியா என்று எழுதவா, இங்கேயே இருந்துவிடவா என்று கேட்டிருந்தாள். வரச் சொல் என்றது இந்த லயம் முழுதும். கருப்பம்மாவும் எழுதத் தெரிந்த ஆளைப் பிடித்துப் பதில் எழுதி ஒட்டிவிட்டாள்: நல்ல வேலை, நல்ல வீடு, உடனே வா. தபாலில் சேர்க்குமுன் ராமாத்தாளிடம் சொன்னாள்.

“வேல கெடைக்கறதுக்கு முன்னால எட்டு மாசம் பர்லியார் ரோட்டுல பலாப்பழம் சொமந்தீங்களே, அத எழுதுனீங்களா?”

கருப்பம்மா கொழுந்தைக் கிள்ளிக்கொண்டே இருந்தாள்.

“உங்களுக்கு இங்க தொண வேணும். அதுக்குத்தானுங்க்கா கூப்பிடறீங்க.”

“எந் தங்கச்சி. நான் கூப்புடுறேன். ஒனக்கென்னா புள்ள?”

அடுத்த இரண்டு நாளும் கருப்பம்மா கோபத்தில் அந்தப் புதியவளின் பக்கத்து நிரையில் நின்றாள். மழை வராது என்றாலும் அவளிடம் ஆமாம், வரும் என்றாலும் ஆமாம். தங்கச்சியை வரச் சொல்லட்டுமா என்று கேட்டதற்கும் அதே ஆமாம். கடிதம் மடியிலேயே இருந்தது.

மூன்றாம் நாள் தேநீர் வேளையில் ராமாத்தாள் சில்வர் ஓக் மரத்தடியில் தனியே உட்கார்ந்திருந்தாள். கருப்பம்மா கூடையை இறக்கிவிட்டு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். பிறகு மடியிலிருந்த கடிதத்தை எடுத்து, கொழுந்து கிள்ளிக் கறுத்த கட்டைவிரல் நகத்தால் ஒட்டிய ஓரத்தைக் கீறிப் பிரித்து, ராமாத்தாளின் கையில் கொடுத்தாள்: “அந்த எட்டு மாசத்தையும் எழுது புள்ள.”