ஹாரன் இல்லாத ஆஸ்பத்திரிச் சாலை

தனபாலின் தம்பி எங்கள் பத்திரிகை அலுவலகத்துக்குத் தொலைபேசியில் அழைத்திருந்தார். “அண்ணன் போயிட்டார் சார். தூக்கத்துலயே.” ஆஸ்பத்திரியில் சேர்த்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை.

மைசூரில் சைக்கிள் ஓட்டுபவர்களின் பயத்தை ஆராய்ந்தவர் தனபால். பொறியியல் கல்லூரியின் ஓர் அறையில் ஸ்டாண்டில் நிறுத்திய சைக்கிள். ஏறுபவர் தலையில் கனத்த கருவி. கண்முன்னே கம்ப்யூட்டர் வரைந்த ஆஸ்பத்திரிச் சாலை விரியும், காதில் லாரியும் பஸ்ஸும் ஒலிக்கும். வர்ச்சுவல் ரியாலிட்டி என்றார். பயம் வந்தால் பிரேக்கைப் பிடிக்க வேண்டும்.

ஒருநாள் ஸ்பீக்கர் ஒயர் கழன்றிருந்ததை யாரும் கவனிக்கவில்லை. அன்று ஓட்டிய நர்ஸ் வழிநெடுகப் பிரேக்கைப் பிடித்தார். “பின்னாடி வண்டி இருக்கா இல்லையான்னே தெரியல சார். முதுகு கூசுது.” அடுத்து வந்தவர்களும் அப்படியே.

தனபால் நண்பர்களை மைசூர் வழக்கப்படி ‘குரு’ என்றே அழைப்பார். “நம்ம ஊர்ல ஹாரன் திட்டு இல்ல குரு. நான் வர்றேன், ஓரம் போன்னு சொல்ற பேச்சு” என்றார் என்னிடம்.

நிஜ ஆஸ்பத்திரிச் சாலையை அகலப்படுத்தி, ஹாரனுக்குத் தடை போட முடிவானது. முதலில் சைக்கிளுக்குத் தனிப் பாதை, பிறகு தடை என்று மாநகராட்சிக் கூட்டத்தில் மன்றாடினார். அதிகாரி கன்னடத்து ‘ரீ’ போட்டு அழைத்துச் சிரித்தார்.

“ஏன் ரீ தனபால், நோயாளி தூங்க வேண்டாமா? பொம்மை ரோட்டுல ஓட்டிட்டு நிஜ ரோட்டுக்குப் புத்தி சொல்றீங்களே!”

“பொம்மை ரோட்டுல அடிபட்டவங்க எழுந்து வீட்டுக்குப் போனாங்க சார்.”

அதன்பின் யாரும் சிரிக்கவில்லை. ஆனாலும் தடைப் பலகை வந்தது, பாதை வரவில்லை. நான் எழுதிய செய்தி உள்பக்கத்தில், ஒரு பத்தியில் முடிந்தது.

கல்லீரல் நோயோடு அவர் படுத்தது அதே ஆஸ்பத்திரியில், சாலையோரப் படுக்கையில். “நல்லாத் தூக்கம் வருது குரு. அதான் பயமா இருக்கு.” நான் உட்கார்ந்திருக்கும்போதே வெளியே ஒரு பிரேக் கிறீச்சிட்டது. கட்டில் கம்பியை இறுகப் பிடித்தார். மூச்சடக்கிக் காத்திருந்தார். ஒரு சைக்கிள் மணி கேட்டதும் கை தளர்ந்தது.

“இன்னிக்கு இல்ல” என்றார்.

அந்தச் சாலையில் அடிக்கடி திரும்பிப் பார்க்கும் பழக்கத்தை அவரிடமிருந்து பெற்று வைத்துக்கொண்டிருக்கிறேன். நேற்றுக் காலை இரண்டு நர்சுகள் சைக்கிளில் இணையாகப் பேசிச் சிரித்தபடி என்னைக் கடந்தார்கள். அவர்களுக்கு அந்த அமைதி பழகிவிட்டது. பின்னால் ஒரு பஸ் வந்துகொண்டிருந்தது. இருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.