கூரையில் அடித்த யுத்தக் காசு

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: மலையகத்து நோர்வூட்டில் நான் முப்பது வருஷம் வேலை பார்த்த பலசரக்குக் கடைக்குள் மழையைக் கூட்டிவந்த முட்டாள் நானேதான். கூரை மேல் ஒரு குற்றமும் இல்லை.

1. பிஸ்கட் டின்

கடையைத் தொடங்கியவர் முதலாளி ஹாஜியாரின் வாப்பா. இரண்டாம் உலக யுத்தத்தில் சதக்காசுக்குத் தட்டுப்பாடு வந்தபோது, மீதிச் சில்லறைக்குப் பதிலாகப் பித்தளை வில்லை அடித்துக் கொடுத்தாராம். நடுவில் ஓட்டை, சுற்றிலும் கடைப் பெயர். அதைக் கொடுத்து அதே கடையில் சாமான் வாங்கலாம். அப்படித் திரும்பி வந்தவை ஒரு பிஸ்கட் டின்னில் கிடந்தன.

ஒரு மழைக்கு, மூட்டைகள் அடுக்கும் ஸ்டோரின் தகரக்கூரை ஒழுகியது. கூரை ஆணிக்கு வாஷர் இல்லை. டின்னைத் திறந்தேன். ஓட்டை ஆணிக்கு அளவெடுத்த மாதிரி இருந்தது. நாற்பது வில்லையும் மேலே போயின.

"இப்ப ஒழுகல்ல. கெட்டிக்காரன்தான் செல்வம்" என்றார் ஹாஜியார். வாஷர் ஏது என்று அவர் கேட்கவில்லை. நானாகச் சொல்லிக்கொள்ளவும் இல்லை.

2. வெள்ளிக்கிழமை

போன வருஷம், பழங்காசு சேர்க்கும் கொழும்புக்காரர் ஒருவர் எங்கள் வில்லையைத் தேடிக்கொண்டு வந்தார். விலை சொன்னார்.

"விக்கிறதுக்கில்ல. வாப்பாட பேரு ஈக்கிற சாமான். ஒண்ண கண்ணாடி போட்டு மாட்டணும்" என்ற ஹாஜியார் என் பக்கம் திரும்பினார். "அந்த டின் எங்க செல்வம்?"

"எங்கயாவது இருக்கும் ஹாஜியார்" என்றேன், மேலே பார்க்காமல்.

"ஜும்மா முடிஞ்சு வாறதுக்குள்ள எடுத்து வைங்க."

ஏணி வைத்து ஏறினேன். முதல் வில்லையைப் பிடுங்கினால் எழுத்தே இல்லை; என் சுத்தியல் அதைத் தோசைபோல் ஆக்கியிருந்தது. அடுத்ததில் இருக்கும், அதற்கடுத்ததில் இருக்கும் என்று நாற்பதையும் பிடுங்கி முடித்தபோது மழை பிடித்தது. எங்கள் ஊர் மழை தூறிப் பழகியதில்லை. காற்றும் சேர, ஆணி போன இரண்டு தகரம் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துக்குள் போய் விழுந்தன. கீழே பதினோரு மூட்டை கோதுமை மா.

தொப்பியும் குடையுமாக ஹாஜியார் வந்து நின்றார். பின்னால் கொழும்புக்காரர். அவர் ஒரு வில்லையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இவரோட வாப்பா அடிச்சத விட நீங்க பலமா அடிச்சிருக்கீங்க" என்றார்.

கடை வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: முதலாளி பாராட்டும்போதே உண்மையைச் சொல்லிவிடுங்கள். அப்போதுதான் அவர் நல்ல மனசோடு இருப்பார்.

அன்றைக்கு எனக்கு அந்தப் புத்தி இல்லை. இரண்டு எழுத்து மங்கலாகத் தெரிந்த ஒரே வில்லையைத் துடைத்து நீட்டினேன்.

"இத மாட்டிருவமா ஹாஜியார்?"

அவர் நனைந்த மா மூட்டையைத் தொட்டுப் பார்த்தார்.

"எடுத்த எடத்துலயே மாட்டு."