கட்டியை வளர்த்ததும் காயத்தை ஆற்றியதும்

குளித்துவிட்டுத் துடைக்கும்போதுதான் இடது மார்பில் அந்தக் கட்டி கையில் தட்டுப்பட்டது. வலி இல்லை. அதனாலேயே யாரிடமும் சொல்லாமல் விட்டேன். நீங்கள் அப்படி விடாதீர்கள்.

என் கணவர் செல்வம், மலேசியாவில் ரெம்பாவ் பக்கத்து எஸ்டேட்டில், எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறார். கடைசியில் நான் சொன்னபோது அவர் திட்டவில்லை. மறுநாள் லீவு போட்டு சிரம்பான் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார்.

பயாப்ஸி (கட்டியிலிருந்து சிறு துண்டெடுத்துச் செய்யும் சோதனை) முடிவை விளக்கிய டாக்டர் இளம் தமிழ்ப் பெண். புற்றுநோய்தான் என்றார். செல்களை வளரச் சொல்லும் புரதங்களுக்கு வளர்ச்சிக் காரணிகள் என்று பெயராம். அந்தக் கட்டளையை வாங்கிக்கொள்ளும் ஏற்பிகள் என் கட்டியில் அளவுக்கு மீறி இருந்தன. கூடவே, சுற்றியுள்ள திசுவின் புரதத்தைக் கரைக்கும் நொதிகள் அதற்கு வழி திறந்துவிட்டிருந்தன.

"அப்ப வேலிய அறுத்துட்டு வெளிய போயிருச்சா டாக்டர்?" என்று கேட்டார் செல்வம்.

"அக்குள் வரைக்கும் வந்திருக்கு அண்ணே. அதுக்கு மேல போகல. கீமோ குடுத்து, ஆபரேஷன் பண்ணி, அந்த ஏற்பிய அடைக்கிற ஊசியும் போடலாம்."

கீமோ நாட்களில் சோற்று வாசனையே குமட்டியது. உப்பும் புளிப்புமான அசாம்போய் என்ற உலர்ந்த பழம் மட்டும் நாக்குக்கு ஒத்துக்கொண்டது. செல்வம் லோரியில் எப்போதும் அதில் ஒரு பொட்டலம் வைத்திருப்பார்.

மார்பை எடுத்த பிறகு, காயநீர் வடியும் குழாயும் புட்டியுமாக வீட்டுக்கு வந்தேன். அவர் தன் பழைய சாரோங்கைக் கிழித்து, புட்டியை வைத்துக் கழுத்தில் மாட்டிக்கொள்ள ஒரு பை தைத்துக் கொடுத்தார். எல்லாம் கோணல்மாணல்.

"புது ஹேண்ட்பேக்லா. பசாருக்கே கொண்டு போலாம்."

சிரித்தால் தையல் இழுத்தது. ஆனாலும் சிரித்தேன். காயத்தை மட்டும் அவருக்குக் காட்டவில்லை. கதவைத் தாழிட்டுக்கொண்டுதான் கட்டு மாற்றுவேன்.

அடுத்த முறை காயத்தைப் பார்த்த டாக்டர், "நல்லா ஆறுதுக்கா" என்றார். எதனால் ஆறுகிறது என்று கேட்டேன். இங்கேயும் வளர்ச்சிக் காரணிகளும் நொதிகளும்தான் என்றார். சிதைந்ததை நொதிகள் அகற்ற, வளர்ச்சிக் காரணிகள் புதுத் தோலை எழுப்புமாம்.

"அப்ப அது நல்லதா, கெட்டதா?"

"நமக்கு வேணும்கா. காயத்துல வேலை முடிஞ்சதும் நிறுத்திக்கும். கட்டியில நிறுத்தத் தெரியல, அவ்வளவுதான்."

அதுவரை என் உடம்பை நான் எதிரியாகவே நினைத்திருந்தேன். அன்று மாலை கதவைத் தாழிடவில்லை.

"ஏங்க, கொஞ்சம் வாங்க."

வந்தார். காயத்தைக் குனிந்து பார்த்தார்.

"வலிக்குதா சரசு?"

"இல்லைங்க. மரத்துப் போயிருக்கு."

கை கழுவிவிட்டு வந்து கட்டை அவரே போட்டுவிட்டார்.

ஊசிகளும் முடிந்துவிட்டன. இப்போதைக்கு நோயின் அடையாளம் இல்லை என்கிறார் டாக்டர். அந்த 'இப்போதைக்கு' முதலில் பயமுறுத்தியது. இப்போது அதற்குள்தான் சமைக்கிறேன், தூங்குகிறேன், அவரோடு சண்டை போடுகிறேன். தழும்பின் மேல் கை வைத்தால் எனக்கு இன்னும் ஒன்றும் தெரிவதில்லை. எந்த இடத்திலிருந்து தொடுவது தெரிய ஆரம்பிக்கும் என்று அவருக்குத் தெரியும். அங்கேதான் கை வைப்பார்.