கலர் மாறாத பச்சோந்தி

வெயிலில் கிடந்த நெத்திலித் தலையின் வாடை மூக்கில் ஏறினால் மற்றவர்களுக்கு மீன் நினைவுக்கு வரும்; எனக்குப் பச்சோந்தி நினைவுக்கு வரும், கூடவே பழைய எரிச்சலும் வரும்.

காலடிப்பேட்டையில் ஒரே முற்றத்தைச் சுற்றிப் பல குடித்தனங்கள் இருந்த வீட்டில் நாங்கள் ஓர் அறையில் இருந்தோம். நைனா, அதாவது என் அப்பா, துறைமுகத்துக்குக் கன்டெய்னர் ஏற்றிப் போகும் டிரெய்லர் ஓட்டினார். மீஞ்சூர் தாண்டி வண்டிகள் வரிசையில் நின்றிருந்த ஒரு பகலில், ஒரு காலைத் தூக்கி, முன்னும் பின்னும் ஆடி, வைக்கலாமா வேண்டாமா என்று யோசித்து யோசித்துச் சாலையைக் கடந்துகொண்டிருந்த பச்சோந்தியைப் பார்த்து, ஏதாவது சக்கரத்தில் மாட்டிவிடுமே என்று துண்டில் சுற்றி எடுத்தார். அதுவரை நல்ல காரியம்தான். எதிர்ப்பக்க மரத்தில் விட்டிருந்தால் அதோடு முடிந்திருக்கும். வீட்டுக்குக் கொண்டுவந்து, இது கலர் மாறும் என்று முற்றத்துக்கே அறிவித்து, பார்த்துக்கொள்ளும் பொறுப்பை நாலாவது படித்துக்கொண்டிருந்த என் தலையில் கட்டிவிட்டு அடுத்த லோடுக்குப் போய்விட்டார். அதை வளர்ப்பது சட்டப்படி குற்றம் என்று எங்களுக்குச் சொல்ல அப்போது ஒருவரும் இல்லை.

வந்தவர்கள் எல்லோரும் 'ஷோ' பார்க்க வந்தவர்கள். சிவப்புச் சேலையில் ஏற்றினார்கள், மஞ்சள் குடத்தில் ஒட்டவைத்தார்கள், பக்கத்து அறைக் கன்னியம்மா அக்கா தன் நீல நைட்டியின் மடியில் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் நகரவில்லை. அது சிவப்பும் ஆகவில்லை, நீலமும் ஆகவில்லை. எந்தத் துணியில் வைத்தாலும் கருத்துப்போய், உடம்பெல்லாம் புள்ளி புள்ளியாக நின்றது. மாறிவிட்டது, மாறிவிட்டது என்று அதற்கும் கைதட்டினார்கள்.

தின்னவும் இல்லை, குடிக்கவும் இல்லை. கிண்ணத்துத் தண்ணீரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எங்கள் பக்கத்தில் எது சாப்பிட அடம்பிடித்தாலும், பூனையோ பிள்ளையோ, 'சென்னாகுன்னி'யை வறுத்துக் காட்டினால் வாயைத் திறந்துவிடும் என்பது எல்லோருக்கும் இருந்த நம்பிக்கை. காய்ந்த பொடி இறாலான அதைப் பச்சோந்திக்கும் வைத்தோம். அசைவதைத்தான் அது தின்னும் என்று எங்கேயோ கேட்டுவந்த நைனா, ஓர் இறாலை நூலில் கட்டி அதன் மூக்குக்கு முன்னால் ஆட்டினார். நாக்கு பாய்ந்து வந்து இறாலை இழுத்தது. முற்றமே வாயைப் பிளந்தது. உப்புக் கரித்ததோ என்னவோ, மென்று மென்று துப்பிவிட்டு, மறுநாள் கண் உள்வாங்கிச் சுருண்டு கிடந்தது. செத்துவிடும் என்று நான் பள்ளிக்கூடம் போகாமல் உட்கார்ந்து அழுதேன்.

தண்ணீர் விஷயத்தைத் தீர்த்தது அம்மாவின் கோபம். துணி துவைத்துவிட்டு வந்தவள், நான் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, "வூட்டுல உனுக்கு ஒரு வேலையும் இல்லியா?" என்று ஈரக்கையை உதறினாள். அது உட்கார வாளி மண்ணில் நட்டிருந்த முருங்கைக் கிளையில் துளிகள் தெறித்தன. பச்சோந்தி மெல்லத் தலையைத் திருப்பி இலையிலிருந்த ஒரு துளியை நக்கியது, பிறகு இன்னொன்றை. அதன் பிறகு லாரித் தண்ணீரில் தினமும் ஒரு சொம்பு அந்த இலைகளுக்குப் போனது. ஒவ்வொரு சொம்புக்கும் திட்டு விழுந்தது.

சாப்பாட்டுக்கு ஈ வேண்டும். கிளையை ஜன்னலோரம் நகர்த்தி, அதைச் சுற்றிப் பழைய மீன்வலைத் துண்டை மறைப்பாகக் கட்டி, உள்ளே நெத்திலித் தலைகளைப் பரப்பினேன். வலைக்கண் வழியே ஈக்கள் மொய்த்தன, அது வயிறாரத் தின்றது, 'கலீஜ்' என்று முற்றமே என்னைத் திட்டியது. நாற்றத்துக்குப் பயந்து ஒருவரும் அந்தப் பக்கம் வராத அந்த நாட்களில்தான் அது இளம்பச்சையாகத் தெளிந்து, கொழுகொழுவென்று கிளையில் நடந்தது. கலரே மாறாத இதற்கா இவ்வளவு 'பேஜாரு' என்றார் கன்னியம்மா அக்கா. ஆள் வந்தால் கருக்கிறது, தனியாக விட்டால் பச்சையாகிறது என்பது எனக்கு மெல்லப் பிடிபட்டது.

அந்த நேரம் பார்த்து நைனா கூட்டாளி டிரைவர்கள் இரண்டு பேரை அழைத்துவந்தார். நான் தடுக்கத் தடுக்க வலையை அவிழ்த்து, அதை எடுத்துத் தன் சிவப்பு லுங்கியில் வைத்தார். அது கன்னங்கரேலென்று ஆகி, வாயைப் பிளந்து சீறி, நழுவித் தரையில் விழுந்தது. அவர்கள் கைதட்டினார்கள்.

"நைனா, அது கலர் காட்டல," என்றேன். "பயந்துகினு கீது. வந்த நாள்ல இருந்து பயந்துகினுதான் கீது."

நைனா சிரிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்தி, குனிந்து பார்த்தார். அது எழுந்திருக்கவில்லை. கூட்டாளிகளை அனுப்பிவிட்டு வந்து, அதை எடுத்துக் கிளையில் வைத்து, அவரே கையை நனைத்து நெடுநேரம் இலைமேல் உதறிக்கொண்டிருந்தார். விடிந்ததும், "கெளம்பு பாப்பா, எட்த்த எடத்துலயே வுட்டுட்டு வந்துடலாம்," என்றார். உயிரைக் கொடுத்துத் தேற்றியது நான், கொண்டுபோய் விடுவது அவரா என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. ஆனாலும் வண்டியில் ஏறினேன்.

அதே இடத்தில் சாலையோர வேலமரத்தில் ஏற்றிவிட்டோம். கருப்பு மெல்லக் கலைந்தது, பச்சை வந்தது, இரண்டு கிளை தாண்டியதும் காணவில்லை.

"எங்க கீது? உனுக்குத் தெரிதா?" என்று நைனா அண்ணாந்து தேடினார். எனக்கும் தெரியவில்லை. பின்னால் வண்டிகள் ஹாரன் அடித்தும் அவர் நகரவில்லை.

இப்போது அவர் வண்டி ஓட்டுவதில்லை. அந்த வழியாகப் பஸ்ஸில் போனால், இங்கேதான் விட்டோம் என்று ஜன்னலுக்கு வெளியே கை நீட்டுகிறார். அங்கே வேலமரமும் இல்லை, வேறு எந்த மரமும் இல்லை. மண்ணைக் கொட்டி மேடாக்கி, கன்டெய்னர்களை மாடி மாடியாக அடுக்கியிருக்கிறார்கள். யாரையாவது திட்ட வேண்டும் போல வாய் துறுதுறுக்கிறது. அந்தப் பெட்டிகளை ஏற்றி ஏற்றித்தான் நைனா எங்களைப் படிக்க வைத்தார். திட்டாமல் வீட்டுக்கு வந்து, காரணமே இல்லாமல் அவரிடம் எரிந்து விழுகிறேன்.