ஆமெனுக்குப் பின் ஓர் ஓம்

மகள் என் கைபேசியில் ஒரு செப வழிகாட்டியைப் போட்டுத் தந்திருக்கிறாள். மத்தியானமானால் மணியடித்து, ‘இன்று உங்கள் மனம் எப்படி இருக்கிறது?’ என்று அது விசாரிக்கும். இன்று கேட்ட நேரம் குசினியில் நண்டுக்கறி கொதித்துக்கொண்டிருந்தது. அந்த வாசத்தைப் பிடித்துக்கொண்டு மனம் மாமியின் சாப்பாட்டு மேசைக்குப் போய்விட்டது.

மாமி என்றால் என் மனைவி ஜெசிந்தாவின் தாய், கத்தோலிக்கர். நானோ இணுவில் ஊர்ச் சைவ சமயத்தவன். பெண் கேட்டுப் போனபோது மாமி நாடியில் கை வைத்து யோசித்துவிட்டுச் சொன்னார்: “சமயம் மாறச் சொல்லி நான் கேக்கேல்லை. வாற ஞாயிறு சாப்பாட்டுக்கு வாரும். செபம் நீர்தான் சொல்லவேணும். பிறகு கதைப்பம்.”

“குழப்பிப் போடாதையுங்கோ” என்றாள் ஜெசிந்தா, வாசல் படலையடியில் என்னை வழியனுப்பும்போது.

பட்டணத்துப் புத்தகக் கடையில் செபப் புத்தகம் கேட்டேன். கடைக்காரர் என் திருநீற்றையே பார்த்தார்.

“ஆருக்குத் தம்பி?”

“எனக்குத்தான்.”

இன்னும் கூர்ந்து பார்த்தார். புத்தகத்தில் புயலுக்குச் செபம் இருந்தது, நல்ல மரணத்துக்குக்கூட இருந்தது. சோற்றுக்கும் இருந்தது, ஆனால் அந்தச் செந்தமிழ் என் வாயில் கல்லாய்க் கடிபட்டது. கடைசியில் கந்தோரில் என்னோடு வேலை செய்த அந்தோனி அண்ணையிடம் போய் நின்றேன்.

“புத்தகத்தை மூடி வை. என்னோட கதைக்கிற மாதிரி ஆண்டவரோட கதை. சோறு ஆறுறதுக்கு முதல் முடி. முடிவில ஆமென் சொல்லு.”

“ஆமென் எண்டா என்ன அண்ணை?”

“அப்பிடியே ஆகட்டும் எண்டு. நாங்கள் ஒண்டுக்குச் சம்மதிச்சா ஓம் எண்டுறமே, அது மாதிரி எண்டு வையன்.”

இதைவிட நல்ல வழிகாட்டியை நான் இன்றுவரை கண்டதில்லை. என்னைக் கவிழ்த்ததும் அதுதான்.

ஞாயிறன்று கண்ணை மூடி, சோற்றுக்கு நன்றி சொன்னேன், நண்டுக்குச் சொன்னேன், அதைக் காய்ச்சிய கைக்கும் சொன்னேன். நன்றாகத்தான் போனது. முடிக்கப் போனால் அந்தச் சொல் மட்டும் வரவில்லை. நினைவில் நின்றதை இழுத்துச் சொன்னேன்:

“ஓ...ம்.”

ஜெசிந்தாவின் தம்பி சிரிப்பை அடக்க மேசைக்குக் கீழே குனிந்தான். ஜெசிந்தா கண்ணைத் திறக்கவேயில்லை.

“இதென்ன, செபமோ மந்திரமோ?” என்றார் மாமி.

“ஆமென் எண்டா ஓம் தானே, மாமி?”

மாமி என்னைப் பார்த்தார். பிறகு உடம்பு குலுங்கச் சிரித்தார். வந்த தைரியத்தில், “அப்ப, ஜெசிந்தா விசயம்...” என்று இழுத்தேன்.

“ஓம், ஓம். முதல்ல சாப்பிடும்.”

அன்றிலிருந்து மாமி வீட்டு ஞாயிற்றுச் செபம் என் பொறுப்பானது. நான் ஒழுங்காக ஆமென் என்று முடித்ததும், மாமி ஒற்றைக் கண்ணைத் திறந்து ஓர் ஓம் போடுவார். அதன்பிறகுதான் அகப்பை சோற்றுக்குள் போகும்.

மாமி இப்போது இல்லை. மேசை எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டது. கைபேசியில் செபம் முடிந்தால் ‘ஆமென்’ என்று ஒரு பொத்தான் வரும், அமத்தினால் பச்சையாகும். இன்றும் அமத்தினேன், பச்சையாகியது. ஜெசிந்தா அகப்பையைப் பிடித்தபடி சும்மா நின்றாள். எதற்கு நிற்கிறாள் என்று எனக்குத் தெரியும். நானும் அதற்குத்தான் காத்திருந்தேன்.

“இனி ஆரப்பா ஓம் சொல்லுறது?” என்றாள்.